கையில் 13 சீட்டு: ஆடுவதா, கவிழ்ப்பதா?

மல்லாட்டை பிடுங்கி முடிந்துவிட்டால், கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் புளியமரத்து நிழலுக்குத் தனி மவுசு வந்துவிடும். துண்டை விரிப்பார்கள். இரண்டு கட்டுச் சீட்டு வரும். ஐந்தாறு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டம் ரம்மி! தோற்றவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

சீட்டுப் போட்டாயிற்று. பெரியவர் ஒருவர் தம் 13 சீட்டையும் விசிறி போல விரிக்கிறார். ஒரே ஒரு பார்வை. அப்படியே கவிழ்த்துவிடுகிறார்.

"ஸ்கூட்!"

பின்னால் நின்று எட்டிப் பார்த்த இளைஞனுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னா மாமா, ரெண்டு ஜோக்கர் வச்சிக்கினு கவுத்துட்டீங்க?"

"லைஃபுக்கு வழி எங்கடா இருக்குது? இருபதோட போவட்டும்."

இந்த ஒரு பதிலில் ரம்மியின் பாதி வித்தை அடங்கியிருக்கிறது.

ஒரே சின்னத்தில், ஜோக்கர் கலக்காமல், வரிசையாக மூன்று சீட்டாவது சேர்ந்தால் அது லைஃப். அது இல்லாமல் எதிராளி ஆட்டத்தை முடித்துவிட்டால், கையில் உள்ள சீட்டு எல்லாம் எண்ணப்படும். ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் தலைக்குப் பத்துப் பத்து. அதிகபட்சம் 80. ஆனால் முதல் சீட்டை எடுப்பதற்கு முன்பே கவிழ்த்துவிட்டால் 20தான். எடுத்து ஆடிவிட்டு நடுவில் கவிழ்த்தால் 40!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோசமான கையை நான்கு முறை ஆடுகிறார் ஒருவர். ஒரு முறை ஜெயித்து, மற்ற மூன்று முறை தலா 40 வாங்கினால் மொத்தம் 120. நான்கு முறையும் ஸ்கூட் விட்டவருக்கு 80தான். கோழை என்று சிரிக்கப்பட்டவர் 40 பாயிண்ட் மிச்சம் பிடித்துவிட்டார்!

எந்தக் கையை ஆடலாம்?

லைஃப் அமைந்தே வந்துவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை. அமையாவிட்டால், அமைய எத்தனை சீட்டு உதவும் என்று எண்ண வேண்டும். இஸ்பேடு 6, 7 இருக்கிறது என்று வையுங்கள். 5 வந்தாலும் சரி, 8 வந்தாலும் சரி. இரண்டு கட்டு ஆகையால் நான்கு சீட்டு உதவும். 6, 8 என்று இருந்தால் 7 மட்டும்தான், இரண்டே சீட்டு. ஏஸும் 2ம் இருந்தாலும் அதே கதிதான்; 3 வந்தாக வேண்டும்.

வெட்டிய ஜோக்கரையும் பார்க்க வேண்டும். 7 ஜோக்கராகிவிட்டால், கையில் 7 வைத்திருப்பவர் எவரும் அதைக் கீழே போடமாட்டார். 6, 8ஐ வைத்துக்கொண்டு 7க்குக் காத்திருப்பது, வறண்ட ஏரியில் தூண்டில் போடுகிற கதை! ஆறு பேர் ஆடும்போது யாராவது சீக்கிரம் முடித்துவிடுவார்கள். எனவே சுமாரான கையையும் கவிழ்ப்பதே நலம். இரண்டு பேர் மட்டும் என்றால் கொஞ்சம் துணியலாம்.

அமெரிக்கரின் போக்கர் ஆட்டத்திலும் இதே சங்கதிதான். ஏழு சீட்டு 'ஸ்டட்' ஆட்டத்தில் முதலில் மூடிய சீட்டு இரண்டு, திறந்த சீட்டு ஒன்று கிடைக்கும். மூன்றும் ஒரே எண்ணாக அமைவது 425 தடவைக்கு ஒரு தடவை. கையில் இரண்டு ராஜா இருந்தும், மற்ற இரண்டு ராஜாவும் எதிராளிகள் முன்னால் திறந்து கிடந்தால், அந்த ஜோடி இனி மூன்றாகாது. தேர்ந்தவர் தம் சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. ஊரார் சீட்டையும் பார்க்கிறார்.

கோர்ட்டு ஏறிய ரம்மி

இதெல்லாம் சாமர்த்தியமா, வெறும் அதிர்ஷ்டமா? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1963ல் செகந்திராபாத் கிளப் ஒன்றில் போலீசார் புகுந்து, ரம்மி ஆடியவர்களைப் பிடித்தார்கள். வழக்கு வளர்ந்தது. 1967 நவம்பரில் நீதிபதி இதயதுல்லா தீர்ப்புச் சொன்னார். விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதை வைப்பது, எதைப் போடுவது என்பதில் திறமை வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றார். மூன்று சீட்டு ஆட்டத்தோடு அதைச் சேர்க்கக்கூடாது என்றும் சொன்னார். ஆனால் கிளப் நடத்துகிறவர் ஆட்டத்திலிருந்து லாபம் அடித்தால் அது குற்றமாகலாம் என்று ஒரு முடிச்சும் போட்டார்.

அந்த முடிச்சு லேசானதல்ல. பின்னாளில் ரம்மி செல்போனுக்குள் புகுந்தது. கடனாளியாகித் தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்தன. 2022ல் தமிழகச் சட்டசபை தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் கூடாது என்றுவிட்டது.

திறமை இருந்தால் ஏன் தோற்றார்கள் என்கிறீர்களா? மேஜையில் ஆறு பேரும் கெட்டிக்காரர்களானாலும் ஜெயிப்பவர் ஒருவர்தான். கம்பெனியின் பங்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் கழிந்துகொண்டே இருக்கும். ஸ்கூட் விட்டவருக்கும் அடுத்த நொடியே புதுச் சீட்டு வந்து விழும். புளியமரத்தடியில் சீட்டைக் கலைத்துப் போடவே ஐந்து நிமிஷம் ஆகிறது!

அங்கே பெரியவரின் கணக்கு முன்பே 80. இப்போது ஸ்கூட்டுக்கு 20. ஆக 100. ஆட்டம் 101. இனி கவிழ்க்க முடியாது. கவிழ்த்தால் வெளியே போக வேண்டியதுதான்.

மறுபடியும் சீட்டு விழுகிறது. பெரியவர் இந்த முறை விசிறி விரிக்கவில்லை. ஒவ்வொரு சீட்டாக, மெள்ள மெள்ள, ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார்.