இரு கதவுக் கார்களுக்கு ஏன் மவுசு குறைந்தது?

அமெரிக்காவில் 1964 ஏப்ரல் மாதம் ஃபோர்டு கம்பெனியார் மஸ்டாங் என்னும் காரை விற்பனைக்கு விட்டனர். நீண்ட முகப்பு, குறுகிய பின்புறம், இரண்டே கதவுகள். விலை 2,368 டாலர். 1966 ஆம் ஆண்டு மாடலில் மட்டும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட மஸ்டாங் கார்கள் உற்பத்தியாயின. அதே நாட்டில் 2023 இல் இரு கதவு மஸ்டாங் கார்கள் 50 ஆயிரங்கூட விற்கவில்லை. போட்டிக்கு வந்த செவர்லே கமாரோ 2024 ஆம் ஆண்டு மாடலோடு நின்றே போயிற்று.

வேகத்தின்மீது மக்களுக்கு ஆசை விட்டுப்போயிற்றா? அப்படியொன்றும் இல்லை. ஆனால் வேகத்துக்காக இரு கதவுக் காரைத் தேடவேண்டிய தேவை இன்று இல்லை. முதல் மஸ்டாங்கின் விலை குறைந்த வகைக்கு இருந்தது 101 குதிரைத் திறன். 2025 ஆம் ஆண்டின் டொயோட்டா காம்ரியோ, நாலு கதவுள்ள குடும்பக் கார்தான், 225 குதிரைத் திறன் உடையது!

குடும்பம் என்றதும் பின்னிருக்கை நினைவுக்கு வருகிறது. குழந்தைகளைத் தனி ஆசனத்தில் கட்டி அமர்த்தவேண்டும் என்ற சட்டம் 1978 இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கி, 1985 க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் வந்துவிட்டது. முன்னிருக்கையை மடக்கி, முதுகை வளைத்து, அழும் பிள்ளையைப் பின்னால் கட்டிப் பார்த்தவர் மறுமுறை எந்தக் காரை வாங்குவார்? நம் நாட்டிலும், சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலில் இரு கதவோடு வந்து, பின்னர் நாலு கதவுக்கு மாறியது.

ஆயினும் முதன்மையான காரணம் தொழிற்சாலைக் கணக்கில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். மஸ்டாங் மலிவாக வந்ததன் இரகசியம், அதன் அடிப்பாகங்கள் ஃபால்கன் என்னும் சாதாரணக் காருடையவை என்பதே. அண்ணன் சட்டையைப் பிடித்துத் தைத்துத் தம்பிக்குப் போடுவதில்லையா, அதுபோலத்தான். போருக்குப் பின் 1946 இல் பிறந்த பிள்ளைகள் 18 வயதை எட்டிய வேளையில், அவர்கள் கைக்கு எட்டும் விலையில் அந்தச் சட்டை கிடைத்தது. பிற்பாடு மக்கள் உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளை நாடத் தொடங்கினர். அவற்றில் கம்பெனிக்கு இலாபமும் அதிகம். 2018 இல் ஃபோர்டு கம்பெனி, வட அமெரிக்காவில் மஸ்டாங் நீங்கலாகத் தன் சாதாரணக் கார்களை ஏறக்குறைய முழுவதும் கைவிடப்போவதாக அறிவித்தது. அண்ணனே இல்லாத வீட்டில் தம்பிக்குச் சட்டை ஏது? தனியே துணி எடுத்துத் தைத்தால் கூலி ஏறத்தானே செய்யும். சக்தி மிகுந்த கார்களுக்கும் இளம் ஓட்டுநர்களுக்கும் இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் கூடுதல் என்பது வேறு.

2001 இல் நிறுத்தப்பட்ட ஹோண்டா பிரெலூடு 2025 இல் மீண்டும் வந்திருக்கிறது. அதன் அடிப்பாகங்கள் சிவிக் காரினுடையவை. அண்ணன் இருக்கும் வீடுதான். ஆனாலும் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் சிவிக் அமெரிக்காவில் 30 ஆயிரம் டாலருக்குள் தொடங்க, பிரெலூடின் விலையோ 42 ஆயிரம் டாலர். விலையைக் கேட்ட மாணவன் பழைய கார் விற்கும் கடைக்குத்தான் போவான். பிரெலூடை வாங்கக்கூடியவர் அவனுடைய தகப்பனார்.