தென்காசி சொன்ன சூப்பர் ஹீரோ கதை

பிக்ஸார் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ அனிமேஷன் படத்தில் ஊரை நொறுக்கும் இயந்திரம் உண்டு, எரிமலைத் தீவு உண்டு, விமானத்தைத் துரத்தும் ஏவுகணை உண்டு. ஆனாலும் படத்தின் சாரம் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸின் சின்னத் தடுப்பறையில்தான் இருக்கிறது. ஓடும் ரயிலை உடம்பால் தடுத்து நிறுத்திய பாப் பார் அங்கே கிளெய்ம் பார்க்கும் குமாஸ்தா. மேஜைக்கும் அவன் தொப்பைக்கும் நடுவே காற்றுப் புக இடமில்லை. பணம் மறுக்கப்பட்ட ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் படிவத்தை எந்த மாடியில் யாரிடம் கொடுத்தால் பணம் வரும் என்று தணிந்த குரலில் சொல்லிக்கொடுக்கிறான். பிறகு, தன்னால் ஒன்றும் ஆகாது என்று பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சத்தம் போட்டு, அவளையும் வருத்தப்படுவதுபோல் நடிக்கச் சொல்கிறான். முகமூடி போட்டு நகரத்தைக் காத்தவன் முகமூடி இல்லாமல் ஒரு கிழவியைக் காக்கிறான். அதையும் ஒளித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஏன் இந்த நிலைமை? காப்பாற்றப்பட்டவர்களே வழக்குப் போட்டார்கள். நஷ்டஈடு கொடுத்து மாளாத அரசாங்கம் அதிசய மனிதர்களுக்குத் தடை விதித்து, வேறு பெயர் கொடுத்து, புறநகர் வீடுகளில் குடிவைத்தது. 15 வருடம் கழித்துப் பார்க்கிறோம். பாபுக்கு மனைவி ஹெலன், மகள் வயலெட், மகன் டாஷ், கைக்குழந்தை ஜாக்-ஜாக். அப்பாவுக்கு பலம்; நாலு பக்கமும் இழுபடும் அம்மாவுக்கு ரப்பராக நீளும் உடம்பு; யார் கண்ணிலும் படக் கூசும் பதின்வயதுப் பெண்ணுக்கு மறையும் வித்தை; ஒரு இடத்தில் நிற்காத பையனுக்கு வேகம்; என்னவாக வளரும் என்று யாராலும் சொல்ல முடியாத குழந்தைக்கு எல்லாமும். குடும்பத்தில் அவரவர் வகிக்கும் இடத்தை வைத்தே சக்திகளைப் பங்கிட்டதாக இயக்குநர் பிராட் பேர்ட் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகள் அடித்துக்கொள்ள, அப்பா மேஜையையே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

திறமைசாலிகளைச் சராசரிகள் அமுக்கிவைக்கிறார்கள் என்ற புலம்பல்தான் இந்தப் படம் என்று ஒரு வாசிப்பு வெகுநாளாக உண்டு. எல்லோரும் விசேஷம் என்றால் எவருமே விசேஷமில்லை என்ற பொருளில் டாஷ் பேசுவதையும், வில்லனும் அதையே வேறு தொனியில் சொல்வதையும் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது படத்தின் பாதியைத்தான் விளக்குகிறது. சட்டம்தான் பிரச்சினை என்றால் சட்டம் மாறிய பிறகு கதை முடிய வேண்டும். மாறவில்லை. முதல் படம் முடியும்போதும் தடை அப்படியே இருக்கிறது; 2018இல் வந்த இரண்டாம் பாகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்படியானால் முதல் படத்தில் தீர்ந்துபோன சிக்கல் எது? பாப் வேலை போனதை மனைவியிடம் சொல்லவில்லை. கான்ஃபரன்ஸ் என்று பொய் சொல்லிவிட்டுத் தீவுக்குப் போகிறான். அவன் கோட்டில் ஒட்டியிருந்த நீளமான வெள்ளைத் தலைமுடியைப் பார்த்து ஹெலன் வேறொரு பெண்ணோ என்று பயப்படுகிறாள். பழைய வீர உடையில் புதிதாகத் தைத்த கிழிசலைக் கண்டு, தைத்தவளுக்கே போன் போட்டு, உண்மையைப் பிடிக்கிறாள். ஊருக்கு ஒளிப்பது அரசாங்கத்தின் கட்டளை. வீட்டுக்குள் ஒளிப்பது பாப் தானாகச் செய்த காரியம். முடிச்சு இரண்டாவதில் விழுகிறது, அவிழ்வதும் அங்கேதான்.

இந்த முடிச்சு நமக்குப் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியன் இதே முடிச்சுள்ள கதையைத்தான் ‘நைடதம்’ என்று காவியமாகப் பாடினான். ‘நைடதம் புலவர்க்கு ஔடதம்’ என்று புலவர் உலகம் கொண்டாடிய நூல் அது. பாடியவன் யார் என்பதும் கவனிக்கத் தக்கது. மதுரை கைவிட்டுப்போன பிறகு தெற்கே ஒதுங்கிய பாண்டியர் கிளை தென்காசியில் வேர்விட்டது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் அங்கே காசி விசுவநாதர் கோயிலை எழுப்பினான். கடல் கடந்து பேர் வாங்கிய குலம், குற்றால மலையடிவாரத்துச் சிற்றரசாகி, விஜயநகரத்தின் மேலாண்மைக்குக் கீழே வாழ்ந்தது. அந்த வம்சத்தில் வந்தவன், நாடிழந்து வேறு பெயரில் அடுத்தவன் அரண்மனையில் சமையல் செய்த ஒரு ராஜாவின் கதையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். நளன் கதை அதற்கு முன்பே புகழேந்தியின் வெண்பாவில் தமிழ்நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பொருத்தம் கண்ணில் படாமல் இல்லை.

நளனுக்குக் கிடைத்த வரங்களைச் சினிமா மொழியில் சூப்பர் பவர் என்றே சொல்லலாம். சுயம்வரத்தில் தமயந்தி தேவர்களை விட்டுத் தன்னைத் தேர்ந்ததும், அந்தத் தேவர்களே மனம் மகிழ்ந்து கொடுத்தவை: நினைத்த இடத்தில் நெருப்பு, நினைத்த இடத்தில் நீர், தொட்ட சமையலில் சுவை. குதிரைகளை ஓட்டுவதில் அவனுக்கு இணையில்லை. சூதில் நாடு போகிறது. காட்டில் நள்ளிரவில், தூங்கும் மனைவியை விட்டு, உடுத்திய துணியில் பாதியைக் கிழித்துக்கொண்டு போகிறான். கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்து உருவம் மாறுகிறது. பழைய உருவம் வேண்டும்போது உடுத்திக்கொள் என்று அதே பாம்பு ஆடை தருகிறது. வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகவும் சமையல்காரனாகவும் சேர்கிறான். மறைவுப் பெயர், கீழான உத்தியோகம், மாற்றுடை என்று இன்றைய சூப்பர் ஹீரோ கதையின் உறுப்புகள் எல்லாம் இதில் முன்பே இருக்கின்றன.

அவனைக் கண்டுபிடிப்பது ஒற்றர்படை இல்லை, பெண்டாட்டி. நளனைத் தவிர வேறு எவனாலும் ஒரே நாளில் அயோத்தியிலிருந்து தான் இருக்கும் விதர்ப்பத்துக்கு வர முடியாது என்று கணக்குப் போட்டு, மறுநாளே தனக்கு இரண்டாம் சுயம்வரம் என்று தமயந்தி இருதுபன்னனுக்குச் சொல்லி அனுப்புகிறாள். தேர் பறக்கிறது. வழியில் மன்னனின் மேலாடை நழுவி விழ, நிறுத்து என்கிறான். அந்த இடம் யோசனை தூரம் பின்னால் போய்விட்டது என்கிறான் வாகுகன். தேர் வந்து சேர்ந்ததும் தோழி கேசினியை அடுப்படிக்கு வேவு பார்க்க அனுப்புகிறாள் தமயந்தி. வியாச பாரதத்தில் இந்த இடம் வெகு அழகு. வாகுகன் நுழையும்போது தாழ்ந்த வாசல் தானாக உயர்ந்து வழி விடுகிறது. அவன் பார்த்ததும் வெறும் பானையில் தண்ணீர் நிறைகிறது. ஒரு கைப் புல்லை வெயிலில் காட்டினால் தீப்பற்றிக்கொள்கிறது. அவன் சமைத்ததில் கொஞ்சம் வரவழைத்து ருசி பார்க்கிறாள் தமயந்தி; சந்தேகம் தீர்ந்தது. கடைசியாகப் பிள்ளைகள் இருவரையும் அனுப்புகிறாள். அணைத்துக்கொண்டு அழுதவன், என் குழந்தைகள் மாதிரியே இருக்கிறார்கள், அதனால்தான் அழுதேன் என்று அப்போதும் சமாளிக்கிறான். சக்தியை ஊரிடம் ஒளிக்கலாம், அடுப்படியில் ஒளிக்க முடியாது. இன்கிரெடிபிள்ஸ் படம் சொல்வதும் இதைத்தான். தையலைக் கண்டு பிடித்தவள் ஹெலன், ருசியைக் கண்டு பிடித்தவள் தமயந்தி.

ஒரு மறுப்பு வரும்: சூப்பர்மேனும் பேட்மேனும் ஸ்பைடர்மேனும்கூட மாறுவேஷத்தில் வாழ்கிறவர்கள்தானே? உண்மை. ஆனால் அவர்கள் மூவரும் பெற்றோரை இழந்தவர்கள், பெரும்பாலும் ஒண்டிக்கட்டைகள். அந்தக் கதைகளில் வேண்டியவர் என்றால் வில்லன் தூக்கிக்கொண்டு போவதற்கான ஆள். சொந்தபந்தம் அங்கே பலவீனம். இங்கே பிள்ளைகள் உதவிக்கு வந்த பிறகுதான் பாப் முழு ஆளாகிறான். அவர்களை இன்னொரு முறை இழக்கும் அளவுக்குத் தனக்கு பலம் இல்லை என்று மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். ரயிலை நிறுத்தியவன் சொல்கிற வார்த்தை அது.

இன்னொரு மறுப்பு கனமானது. பிறவியிலேயே சக்தி வாய்த்தவர்கள் நாயகர்கள்; சொந்த மூளையால் கருவிகள் செய்து முன்னேறிய சின்ட்ரோம் மட்டும் வில்லன். இது பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் கதையில்லையா? நம் ஊரில் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. படத்துக்குள் ஒரு பதில் இருக்கிறது. வீரர்களுக்கு உடை தைக்கும் எட்னா மோடுக்கு எந்த அதிசய சக்தியும் இல்லை. அவளுக்குக் குரல் கொடுத்தவர் இயக்குநரே. படம் அவளைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறது. சின்ட்ரோம் கெட்டவனானது இயந்திரம் செய்ததால் அல்ல, அதைச் சோதித்துப் பார்க்கப் பழைய வீரர்களை ஒவ்வொருவராகக் கொன்றதால். சிறுவனாக உதவிக்கு வந்தவனை பாப் விரட்டியடித்ததும் தப்பு என்று படமே காட்டுகிறது. அப்புறம் முடிவை ஒட்டி வரும் காட்சி: பள்ளி ஓட்டப்பந்தயத்தில் டாஷ் கண்மூடித் திறப்பதற்குள் ஜெயித்திருக்கலாம். அப்பா அம்மா கேலரியிலிருந்து கத்திக் கத்திச் சைகை காட்ட, வேகத்தை அடக்கி இரண்டாவதாக வந்து சந்தோஷப்படுகிறான். திறமைசாலிக்கு எல்லாம் திறந்துவிட வேண்டும் என்று வாதாடும் படம் இப்படி முடியாது. இருந்தாலும் மறுப்பில் ஒரு பங்கு நிற்கத்தான் செய்கிறது. படத்தில் எவரும் எவருக்கும் தன் வித்தையைக் கற்றுக்கொடுப்பதில்லை. நளன் கதை இந்த இடத்தில் ஒரு படி மேலே. ஒரு தான்றி மரத்தின் காயையும் இலையையும் பார்வையாலேயே எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் நளன் அந்த வித்தையைக் கேட்டு வாங்குகிறான். குதிரை வித்தையைப் பதிலுக்குத் தருகிறான். அப்படிக் கற்றதை வைத்துத்தான் சூதில் இழந்த நாட்டை மீட்கிறான். வரம் அவனைக் காப்பாற்றவில்லை, கற்ற கல்வி காப்பாற்றியது.

புராணத்தையும் கார்ட்டூனையும் ஒரே தட்டில் வைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் தென்காசியிலிருந்து அரைமணி நேரத்தில் குற்றாலத்துக்குப் போய் வரலாம். ஐந்து சபைகளில் ஒன்றான அங்குள்ள சித்திர சபையில் கூத்தப்பெருமானுக்குச் செப்புத் திருமேனி பிரதானமில்லை. சுவரில் எழுதிய ஓவியமே ஆடுகிறது, அதற்கே வழிபாடு. படம் ஆடுவதைக் கையெடுத்துக் கும்பிட்ட ஊர் அது. பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் அதே குற்றாலநாதர் மேல் குறவஞ்சி பாடியபோது, சுவாமி வீதியுலாவோடும் வசந்தவல்லியின் காதலோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. பறவை பிடிக்கிற சிங்கனைக் கொண்டுவந்தார். பெண்டாட்டியைத் தேடி அலைந்து கண்டுபிடித்ததும், அவள் கையிலும் காலிலும் புதிதாகக் கிடக்கும் நகைகளைப் பார்த்து, இது ஏது, அது ஏது என்று ஒவ்வொன்றாகக் குடைகிறான் சிங்கன். குறி சொல்லிப் பெற்ற பரிசு என்று சிங்கி மடக்கிக்கொண்டே வருகிறாள். ஹெலனின் சந்தேகமும் சிங்கனின் சந்தேகமும் ஒரே ஜாதி. மலையளவு பெருமை பாடிய நூலுக்குள் புருஷன் பெண்டாட்டிச் சண்டை வந்ததால் குற்றாலநாதர் குறைந்துவிடவில்லை. கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் கொடுத்த மானிய நிலம் குறவஞ்சி மேடு என்றே பேர் பெற்றது.

இன்றைய தமிழ் சினிமா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. 2023இல் மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’ நாயகன் பத்திரிகையில் காமிக்ஸ் வரைகிற பயந்தாங்கொள்ளி. குடிசையிலிருந்து பெயர்த்து, தரமில்லாத அடுக்குமாடியில் குடிவைக்கப்பட்ட குடும்பம். அமெரிக்கப் படத்தின் புறநகர் வீட்டைவிட அந்த அடுக்குமாடி நமக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அது நடிகர்கள் நடித்த படம். அனிமேஷனில் நாம் செய்த பெரிய முயற்சி 2014இன் ‘கோச்சடையான்’. கவனமெல்லாம் ரஜினியின் முகத்தைக் கம்ப்யூட்டரில் வார்த்தெடுப்பதிலேயே போயிற்று. அந்த வீரன் வீட்டில் எப்படி இருப்பான் என்று பார்க்க அவகாசமில்லை. வெளிநாட்டுப் படங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் கைதேர்ந்த அனிமேஷன் கலைஞர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கதைக்கு அவர்கள் கடல் தாண்ட வேண்டாம். தானாக உயரும் வாசலும், பார்த்ததும் நிறையும் பானையும், ரகசியமாய் ருசி பார்க்கும் மனைவியும் வரைவதற்கென்றே காத்திருக்கும் காட்சிகள். யாராவது எடுத்துச் செய்ய வேண்டும். அதுவரை இன்கிரெடிபிள்ஸைப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள், படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு வாகுகன் சமைத்த கதையையும் சொல்லிவையுங்கள்.