போமட் அடிக்க முன் கேட்க வேண்டியது

பள்ளிமுனையில் மீன் வாடிக் கணக்கு எழுதும் ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். காலையில் போட்டதும் கணக்கு மென்பொருள் 'தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை' என்று மறுக்கிறது. பத்து நிமிடம் பொறுத்துக் கையால் திறந்தால் குறையில்லாமல் ஓடுகிறது. திருத்துகிற கடையில் கிடைக்கும் பதில், "போமட் அடிக்க வேணும்."

அநேகமாக வேண்டியதில்லை. பிந்தித் திறந்தால் ஓடுகிற மென்பொருள் பழுதாகவில்லை, எழும்பும் வரிசைதான் பிசகியிருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போது திரைக்குப் பின்னால் பல சேவைகள் ஒன்றையொன்று நம்பி எழும்புகின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தரவுத்தளச் சேவை மெல்ல எழும்ப, கணக்குச் சேவை அதற்கு முன்பே வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும். 'ஈவென்ட் வியூவர்' பதிவேட்டில் இதற்குத் தடயம் இருக்கும். நிகழ்வு இலக்கம் 7009 என்றால் 30 வினாடி காத்தும் சேவை பதில் தரவில்லை. 7001 என்றால் அது நம்பியிருந்த மற்றச் சேவை எழும்பவில்லை. 'போமட் அடிக்க வேணும்' என்று சொல்பவரிடம் முதலில் இந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

வைத்தியம் சின்னது. 'சர்வீசஸ்' பட்டியலில் கணக்குச் சேவையைத் 'தாமதமாகத் தானாகத் தொடங்கு' என்று மாற்றினால் மற்றவை எழும்பி ஏறக்குறைய 2 நிமிடம் கழித்தே அது கிளம்பும். எது இடைஞ்சல் என்று தெரியாவிட்டால் 'எம்எஸ்கொன்பிக்' திறந்து, மைக்ரோசொப்ட் சேவைகளை மறைத்துவிட்டு மிச்சத்தை நிறுத்திப் பார்க்கலாம். மறைக்காமல் எல்லாவற்றையும் நிறுத்துவது விபரீதம். டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புத் திறப்பை முதலில் எழுதி வையுங்கள்.

2024 யூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பொன்றால் உலகெங்கும் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. தொடக்கத்திலேயே ஏறிக்கொள்ளும் மென்பொருள் என்பதால் பல கணினிகள் எழும்ப எழும்ப விழுந்தன. அதற்கும் போமட் தேவைப்படவில்லை. 'சேஃப் மோட்'டில் திறந்து அந்த ஒரு கோப்பை அழித்ததே பரிகாரம்.

போமட் அடித்தால் போவது உங்கள் கணக்கு, படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் பிரதிகள். ஆகவே கணினியைக் கையளிக்கும்போதே 'என்னைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்' என்று துண்டில் எழுதிக் கொடுத்து, கையொப்பம் வாங்குங்கள். வேலைக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை, கூச்சப்பட ஒன்றுமில்லை. அனுமதியில்லாமல் உங்கள் படங்களைப் பிரதி எடுத்தால் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிடலாம். வேலை சரியில்லை என்றால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போகவேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டும் அந்தத் துண்டும் முறைப்பாட்டோடு போகட்டும்; மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதியை அனுப்புங்கள்.