ஒரு கை ஓய்ந்தபோது

அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், புனித லூயிஸ் அரசர் பேராலயத்திலிருந்து சற்று நடந்தால் புனித இராயப்பர் தெருவை அடையலாம். அங்கே வண்ணம் உதிர்ந்த சுவர்களையுடைய ஒரு பழைய கட்டடம் உண்டு. அமர்வதற்குச் சில விசிப்பலகைகள், ஒலிபெருக்கி கிடையாது; பல காலம் மது விற்பனையும் இருந்ததில்லை. 'பிரிசர்வேஷன் ஹால்' என்னும் அவ்வில்லம் 1961-இல் ஆலன் ஜாஃபே, சாண்ட்ரா ஜாஃபே என்னும் இளந்தம்பதியர் கைக்கு வந்தது. ஜாஸ் இசையை அதன் பிள்ளைப்பருவத்திலேயே கற்று, முதுமையில் மறக்கப்பட்டுக் கிடந்த கறுப்பினக் கலைஞர்கள் அங்கே மீண்டும் கூடினர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் இசைப்பதை மாநிலச் சட்டம் தடை செய்திருந்த காலம் அது. வெள்ளையரான ஆலனோ அவர்களிடையே அமர்ந்து டியூபா வாசித்தார்!

இக்கலைஞர்களின் வாழ்வு பகட்டானது என்று நாம் எண்ணிவிடலாகாது. குழுவை நடத்திய பெர்சி ஹம்ஃப்ரி டிரம்பெட் வாசிப்பவர்; பிழைப்புக்கோ காப்பீட்டு முகவர் வேலை. பாஞ்சோ மீட்டிய நார்வின் கிம்பல் பல்லாண்டுகள் தபால்காரராக உழைத்தவர். பெர்சியின் தமையனார் வில்லி கிளாரினெட் இசைத்தார். இவர்களுடைய பாட்டனார், கரும்புத் தோட்டத் தொழிலாளரின் ஊர்களுக்குச் சென்று இசை கற்பித்த ஆசிரியர். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் வில்லி தம் தம்பியின் அருகிலேயே அமர்ந்து வாசித்தார்.

ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுபவர் எம்மா பாரெட் என்னும் மூதாட்டி. தலையில் சிவப்புத் தொப்பி, காலில் சிறு மணிகள். பியானோவின்முன் அவர் அமர்ந்தால் மணிகளும் தாளமிடும். 1967-இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது, இடப்பாகம் செயலிழந்தது. பியானோவில் தாளத்தைத் தாங்குவது பெரும்பாலும் இடக்கையே. வேறோர் இசையாயின் அவர் கதை அத்துடன் முடிந்திருக்கும். இவ்விசையிலோ டிரம்பெட் மெட்டைச் சொல்ல, கிளாரினெட் அதைச் சுற்றிப் பின்ன, டிரோம்போன் அடியில் நின்று மறுமொழி கூறும். பாஞ்சோவும் பாஸும் முரசும் தாளச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். எழுதிவைத்த தாளைப் பார்ப்பதினும் அடுத்தவரைச் செவிமடுப்பதே இங்குப் பெரிது. ஆகவே எம்மாவின் இடக்கை விட்ட இடத்தைத் தோழர்கள் நிரப்பினர். 1983-இல் இறக்கும்வரை அவர் வலக்கையால் மட்டுமே வாசித்துவந்தார்.

அதே கூடத்தில் ஒரு தம்பதியரும் இருந்தனர். பார்வை இழந்த டீ டீ பியர்ஸ் கார்னெட் ஊத, மனைவி பில்லி பியானோ வாசிப்பார். கணவர் 1973-இல் மறைந்தார். மனைவி அடுத்த ஆண்டே அவரைப் பின்தொடர்ந்தார்.

துயரமே அவர்கள் வாழ்வு என்று வாசகர்கள் கருத வேண்டாம். புனிதர்களின் அணிவகுப்பைப் பற்றிய புகழ்பெற்ற பாடலையே வந்தவரெல்லாம் கேட்டு நச்சரித்தமையால், அதற்குக் கூடுதல் கட்டணம் என்று எழுதித் தொங்கவிட்டனர். ஒரே பாடலை ஓயாது வாசித்துக் களைத்த முதியவர்களின் இக்குறும்பை நாம் மிகவும் இரசிக்கிறோம்.

ஆலன் 1987-இல், 51 வயதிலேயே காலமானார். அவருடைய மகன் பென் 1993-இல் கல்லூரிப் படிப்பை முடித்து, பாஸ் வாத்தியத்துடன் அக்குழுவில் சேர்ந்தார். வில்லியும் பெர்சியும் அப்போது உயிருடன் இருந்தனர்.