பண்ணை விளையாட்டு: பிள்ளைகளை இழுப்பது பயிரா, நிலமா?



விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளிடம் "லீவுல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "கோதுமை அறுத்தேன் டீச்சர்", "மாடு வாங்குனேன் டீச்சர்" என்று நாலு பேராவது சொல்வார்கள். அடுக்குமாடி வீட்டில் ஏது மாடு? எல்லாம் கைத்தொலைபேசியில்தான். ஹே டே, ஸ்டார்டியூ வேலி, அனிமல் கிராசிங் என்று பெயர்தான் வேறு. நடுவது, நீர் ஊற்றுவது, காத்திருப்பது, அறுப்பது, விற்பது என்ற சுற்று ஒன்றுதான்.

சண்டையோ துப்பாக்கியோ ஓட்டப் பந்தயமோ இங்கே மையம் இல்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் ஏன் மணிக்கணக்கில் உட்கார்ந்து கற்பனைக் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளின் குடும்பக் கதையோடு இதற்கு என்ன தொடர்பு? தமிழ் வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்தலாம்? இந்த மூன்றையும் பார்ப்போம்.

இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன?

இந்த வகைக்கு வழி போட்டது 1996இல் ஜப்பானில் வெளிவந்த ஹார்வெஸ்ட் மூன். அதை வடிவமைத்த யசுஹிரோ வாடா கிராமப்புறத்தில் வளர்ந்து டோக்கியோ நகரத்துக்கு வேலைக்கு வந்தவர். விட்டு வந்த ஊரின் நினைப்பில் பிறந்த விளையாட்டு அது.

2009இல் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்தது. அது உச்சத்தில் இருந்தபோது மாதத்துக்கு 8 கோடிப் பேர் விளையாடினார்கள். சொன்ன நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும். அதற்காகவே அலுவலக நேரத்தில் ஓடி வந்து பார்த்தவர்கள் நம்மிலும் இருந்திருப்பார்கள்! 2020 டிசம்பர் 31ஆம் நாள் அதை மூடிவிட்டார்கள். 2012இல் பின்லாந்திலிருந்து வந்த ஹே டே இன்றும் ஓடுகிறது.

2016இல் வந்த ஸ்டார்டியூ வேலியை அமெரிக்காவின் எரிக் பரோன் ஒரே ஆளாக ஏறக்குறைய நான்கரை ஆண்டு உழைத்து உருவாக்கினார். படம், இசை, கதை எல்லாமே அவர் கைவேலை. 3 கோடிக்கும் மேல் விற்றுவிட்டது. 2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. இரண்டே நாள் கழித்து, மார்ச் 20ஆம் நாள், அனிமல் கிராசிங்கின் புதிய பதிப்பு உலகெங்கும் வெளியானது. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத காலத்தில் ஒரு தீவையே கையில் கொடுத்தது அது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் உருவான கோரல் ஐலண்ட் 2023இல் முழுமையாக வெளிவந்தது. ஆக, இது நம் பக்கத்து வீட்டுத் தொழிலாகவும் ஆகிவிட்டது.

ஏன் பிடிக்கிறது?

ஸ்டார்டியூ வேலியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் ஒன்றில் மேசையோடு மேசையாக முடங்கிக் கிடக்கும் ஒருவருக்குத் தாத்தா விட்டுப்போன கடிதம் இருக்கிறது. அதைப் பிரித்தால், கிராமத்தில் ஒரு நிலம் அவருக்காகக் காத்திருக்கிறது. போய்ப் பார்த்தால் கல்லும் கட்டையும் புதருமாகத் தரிசு. கையில் 500 பொற்காசு. அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதல் ஈர்ப்பு, உழைப்புக்கு உடனே பலன் தெரிவது. 4 நாளில் கிழங்கு விளைகிறது. விளையாட்டின் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம்தான். பள்ளியில் ஒரு பிள்ளை மாதக்கணக்காகப் படித்தாலும் மதிப்பெண் ஏறுமா என்று தெரியாது. இங்கே ஊற்றிய தண்ணீருக்கு விளைச்சல் உறுதி.

இரண்டாவது, தவறினால் யாரும் திட்டுவதில்லை. ஒரு பருவம் வீணானால் அடுத்த பருவம் வரும். அவ்ளோதான்.

மூன்றாவது, ஒழுங்கான நாள். காலை 6 மணிக்கு எழுந்து, தெம்பு தீரும்வரை வேலை செய்து, இரவு 2 மணிக்குள் படுத்துவிட வேண்டும். என்ன வேலையை முதலில் செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது பிள்ளையின் முடிவு.

நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நிலம் தன்னுடையது. பெரியவர்கள் கொடுத்த அட்டவணைப்படியே நாள் முழுதும் நடக்கும் பிள்ளைக்கு, தான் வேலி போட்ட இடத்தில் வேலி நிற்பது சின்ன விஷயம் இல்லை.

நம் தாத்தாக்களுக்குக் கிடைக்காத கடிதம்

இங்கேதான் நம் கதை வருகிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்களில் ஒரு பகுதியினர் வணிகர்கள். இன்று நாம் லிட்டில் இந்தியா என்று சொல்லும் லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குவீன் பகுதியில் கடை வைத்தார்கள். லெபோ குவீனில் இருக்கும் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. இன்னும் பலர் கூலிகளாகக் கடலின் மறுகரைக்கு, செபராங் பிறைக்குப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கரும்பு, அதற்குப் பிறகு ரப்பர், பின்னர் செம்பனை.

அவர்கள் செய்ததும் பயிர்த்தொழில்தான். ஆனால் விளையாட்டில் இருப்பதற்கு எல்லாம் நேர்மாறு. காலையில் எழுந்து என்ன செய்வது என்பதைப் பெரட்டில் தண்டல் சொன்னார். மண் துரையுடையது. குடியிருந்த லயமும் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். ஒரு ரப்பர் மரம் பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். நட்டு வளர்த்தவர்களுக்கு அந்த மரத்தில் உரிமை இல்லை.

மழையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். விளையாட்டில் மழை பெய்தால் கொண்டாட்டம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அன்று மீன் பிடிக்கப் போகலாம். தோட்டத்தில் மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்டு கிடையாது. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் கிடையாது என்ற நிலையில்தான் பல காலம் வாழ்ந்தார்கள். ஒரே மழை. நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து அது விடுமுறையாகிறது, அல்லது பட்டினியாகிறது.

ஆனாலும் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், கத்தரி, வெண்டை, முருங்கை, பசலை என்று நட்டார்கள். கோழியும் ஆடும் மாடும் வளர்த்தார்கள். சம்பளத்துக்கு வெட்டிய ஆயிரம் மரங்களைவிட அந்த நாலு பாத்தியைப் பற்றித்தான் பாட்டிமார்கள் ஆசையாகப் பேசுவார்கள். பேரப்பிள்ளை திரையில் தேடுவதும் அந்த நாலு பாத்தியைத்தான். அதனால் "என்ன எந்நேரமும் கேம்" என்று சலித்துக்கொள்வதற்கு முன், அதே வீட்டில் இருக்கும் பாட்டியோடு பேச அது ஒரு வாசல் என்பதைப் பிள்ளைக்குக் காட்டலாமே.

விளையாட்டு சொல்லாத உண்மை

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் பழமொழி. விளையாட்டிலோ ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால் எப்போதும் மிஞ்சும். வட்டிக்காரர் இல்லை, விலை வீழ்ச்சி இல்லை, முதுகுவலியும் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். பாலிக் பூலாவிலும் செபராங் பிறையிலும் இன்றும் நெல் விளைகிறது. அங்கே எலியும் பூச்சியும் வெள்ளமும் உண்டு.

ஒன்றை மட்டும் விளையாட்டு சரியாகச் சொல்கிறது, அதுதான் பட்டம். ஸ்டார்டியூவில் ஒரு பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறினால் அதற்குரிய பயிர் பட்டுப்போகும். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று நாம் எத்தனை முறை எழுதிப் போட்டாலும் புரியாத பிள்ளைக்கு, ஒருமுறை பயிர் பட்டுப்போனால் புரிந்துவிடும்.

வகுப்பறையில் நான்கு பயிற்சிகள்

விளையாட்டை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம், அதைப் பற்றிய பேச்சைக் கொண்டுவந்தால் போதும்.

1. சொல்லைத் தேடு (ஆண்டு 3 முதல்). ஸ்டார்டியூவில் மொழி மாற்றிக்கொள்ள வசதி உண்டு, ஆனால் தமிழ் இல்லை. எனவே பிள்ளைகளே தமிழாக்கட்டும். தண்ணீர் ஊற்றும் கருவி பூவாளி. மாடு கட்டும் இடம் தொழுவம். காக்கை விரட்டும் பொம்மை சோளக்கொல்லை பொம்மை. சும்மா கிடக்கும் நிலம் தரிசு. இளஞ்செடிக்கு வரும்போது நிறுத்திக் கேளுங்கள். விளையாட்டில் பெரும்பாலும் ஒரே சொல்தான். தமிழில் நெல்லுக்கு நாற்று, வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. இலையும் அப்படித்தான். வாழைக்கு இலை, பனைக்கு ஓலை, புல்லுக்குத் தாள், தாழைக்கு மடல். "ஏன் டீச்சர் இத்தனை?" என்று கேட்பார்கள். கையால் தொட்டு வேலை செய்தவர்கள் வைத்த பெயர்கள் என்று சொல்லுங்கள்.

2. கணக்குப் பார் (ஆண்டு 5, 6). வசந்த காலத்தில் மூன்று பயிர். பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கின் விதை 20 காசு, 4 நாள், விற்பனை 35. உருளைக்கிழங்கு 50 காசு, 6 நாள், விற்பனை 80. காலிபிளவர் 80 காசு, 12 நாள், விற்பனை 175. ஒரு குழிக்கு ஒரு நாளைய லாபம் என்ன? பார்ஸ்னிப்புக்கு 3.75, உருளைக்கு 5, காலிபிளவருக்கு ஏறக்குறைய 7.9. அப்படியானால் எல்லாரும் காலிபிளவர் நட வேண்டியதுதானே? கையில் 500 காசுதான் இருந்தால்? 6 விதைக்கு மேல் வாங்க முடியாது. அதே பணத்துக்கு 25 பார்ஸ்னிப் விதை வாங்கலாம், 4 நாளில் 875 காசு கையில் இருக்கும். பணம் குறைவாக இருக்கும்போது ஒரு முடிவு, நிலம் குறைவாக இருக்கும்போது வேறு முடிவு. 20ஆம் நாள் காலிபிளவர் நட்டால் என்ன ஆகும் என்று கடைசியில் கேளுங்கள். பட்டத்துக்கு அப்போது பொருள் விளங்கும்.

3. கடைத்தெரு நடை. லெபோ பாசாரை நம் பெரியவர்கள் கடைத்தெரு என்பார்கள். காலை வேளையில் குழு குழுவாக அழைத்துப் போகலாம். ஒவ்வொரு குழுவும் மண்ணில் விளைந்த ஐந்து பொருளைத் தேர்ந்தெடுக்கட்டும். வெற்றிலை, வாழையிலை, கறிவேப்பிலை, மல்லிகை, எள் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி. கொடியா, செடியா, மரமா? நாம் பயன்படுத்துவது எந்தப் பாகம்? நட்டால் எத்தனை நாளில் பலன்? எந்த ஊரிலிருந்து வந்தது? கடைக்காரரிடம் பிள்ளைகளே தமிழில் கேட்க வேண்டும். "அண்ணே, இது எங்கேர்ந்து வருது?" என்ற ஒரு கேள்விக்கே சில பிள்ளைகளுக்குத் துணிச்சல் தேவைப்படும். கூட்டம் அதிகமான பொங்கல், தீபாவளி வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் கடைக்காரர்களுக்கும் வசதி.

4. தாத்தா எழுதாத கடிதம். விளையாட்டுத் தாத்தா நிலத்தை விட்டுப் போனார். நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் பலருக்கு விட்டுச் செல்ல நிலம் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் பயிர் செய்தவர்கள். வீட்டிலோ உறவிலோ தோட்டப்புறத்தில் வாழ்ந்த ஒருவரிடம் பிள்ளை பேசட்டும். "லயத்துப் பின்னால என்ன நட்டீங்க? மாட்டுக்கு என்ன பேரு வச்சீங்க? மழை நாள்ல என்ன செய்வீங்க?" கேட்டதைக் கொண்டு, அந்தத் தாத்தாவோ பாட்டியோ தனக்கு எழுதுவது போல ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். பேச்சுத் தமிழ் அப்படியே வந்தால் திருத்த வேண்டாம். பெரட்டு, தண்டல், பால் மரம் போன்ற சொற்கள் அகராதியில் தேடிக் கிடைப்பவை அல்ல. தோட்டத்தோடு தொடர்பில்லாத குடும்பமானால் கடை, ரயில்வே, துறைமுகம் என்று எந்த வேலையையும் எழுதலாம்.

கவனிக்க வேண்டியவை

இலவச விளையாட்டுகள் பல, காத்திருப்பதைத்தான் விற்கின்றன. ஹே டேயில் பொறுமை இல்லாதவர்கள் வைரக்கல் வாங்கி வேலையை வேகப்படுத்தலாம். அந்த வைரக்கல்லுக்கு அசல் வெள்ளி செலவாகும். பெற்றோரின் கட்டண வசதி பிள்ளையின் தொலைபேசியில் திறந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்டியூவில் மதுக்கடையும் சூதாட்ட இடமும் உண்டு. சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் பக்கத்தில் இருப்பது நல்லது. "இந்த வரிசையை மட்டும் முடிச்சிட்டு வர்றேன்மா" என்று ஒரு மணி நேரம் நீள்வதும் இந்த விளையாட்டுகளின் குணம். நாளுக்கு இத்தனை 'விளையாட்டு நாள்' என்று பேசி வைத்துக்கொள்வது, மணிக்கணக்கு சொல்வதைவிட எளிது. ஸ்டார்டியூவில் ஒரு நாள் முடிந்து படுக்கும்போது விளையாட்டு சேமிக்கப்படும் என்பதால் பிள்ளையும் சண்டை போடாது.

ஸ்டார்டியூவில் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து பண்ணையைப் பார்த்து மெழுகுவத்தி ஏற்றும். நன்றாகப் பராமரித்திருந்தால் நான்கு மெழுகுவத்தி. நமக்கு அந்தக் கவலை இல்லை, தாத்தா பாட்டிகள் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். கடிதங்களை வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள். அடுத்த பெற்றோர் சந்திப்புக்கு அவர்களையும் வரச் சொல்லி, படித்துப் பார்த்து விட்டுப்போனதைச் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வெற்றுத்தாளும் எழுதுகோலும் இருக்கட்டும்.