சுவர் எங்கே முடிகிறது? ஜெஃப்ரி பாவாவின் உள்ளறைகள்

கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது 1977இல் நிறுவப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, நல்ல கட்டடங்களைத் தேர்ந்தெடுத்துத் தரப்படுவது அது. ஒருவரின் வாழ்நாள் பணி முழுவதையும் பாராட்டும் தலைவர் விருது அதனினும் அரிது. 1980இல் எகிப்தின் ஹசன் ஃபாத்தியும் 1986இல் ஈராக்கின் ரிஃபாத் சாதிர்ஜியும் அதைப் பெற்றார்கள். மூன்றாவதாக 2001இல் பெற்றவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா. வீடு, விடுதி, அலுவலகம், பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் என்று எல்லா வகைக் கட்டடங்களையும் கட்டியவர் அவர். அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளறைகளையும் அவரே தீர்மானித்தார். தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதில் எடுத்துக்கொண்ட அக்கறையை, நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதிலும் எடுத்துக்கொண்டார்.

உள் அலங்காரம் என்றால் கட்டடம் எழும்பிய பிறகு வந்து திரைச்சீலையும் சோபாவும் வண்ணமும் தேர்ந்தெடுக்கும் வேலை என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக உண்டு. பாவாவின் கட்டடங்களில் அந்தப் பிரிவினை செல்லாது. அவருடைய அறைகளிலிருந்து சாமான்களை எல்லாம் அகற்றிவிட்டாலும் அறையின் அழகு பெரிதும் மிஞ்சும். ஒளி விழும் திசை, காற்று வரும் வழி, நடக்கும்போது அடுத்தடுத்துக் கண்ணில் படும் காட்சி ஆகியவைதான் அங்கே முதல் அலங்காரம்.

பாவா 1919இல் கொழும்பில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர்; முஸ்லிம், ஐரோப்பிய வம்சாவளிகள் கலந்தவர். தாய் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் பின்னர் லண்டனில் சட்டமும் படித்த பாவாவுக்கு வழக்கறிஞர் தொழில் பிடிக்கவில்லை. உலகம் சுற்றினார். இத்தாலியில் ஒரு வீடு வாங்கித் தங்கிவிடலாம் என்று நினைத்து, அது நடக்காமல் ஊர் திரும்பினார். 1940களின் கடைசியில் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் லுணுகங்கை என்ற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைத் தன் மனம்போல மாற்ற ஆசை இருந்தது, தொழிலறிவு இல்லை. அதனால் மறுபடி லண்டன் போய்க் கட்டடக் கலை படித்து, 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

அவர் தொழில் தொடங்கிய காலம் இலங்கையில் அந்நியச் செலாவணி இறுகிய காலம். இரும்பும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து தாராளமாக வரவில்லை. நவீன பாணி என்று உலகம் கொண்டாடிய கண்ணாடிப் பெட்டிகளைக் கட்ட வழியும் இல்லை, மழையும் வெயிலும் அடிக்கும் ஊருக்கு அவை பொருந்தவும் இல்லை. ஆகவே கருங்கல், செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு, தென்னை மரம், மெருகேற்றிய சிமென்ட் தரை என்று கைக்கு எட்டிய பொருள்களின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அலை வடிவக் கல்நார்த் தகடுகளின் மேல் நாட்டு ஓடுகளைப் பதிக்கும் கூரை முறையை அவரும் அவருடன் பணிபுரிந்த டென்மார்க் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரும் பரவலாகப் பயன்படுத்தினார்கள். பார்வைக்குப் பழைய ஓட்டு வீடு. ஒழுகாமல் காப்பது அடியில் இருக்கும் தகடு. கல்நாரின் தீங்கு இன்று தெரிந்த செய்தி என்பதால் அந்த முறையை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் பழைய தோற்றத்தையும் புதிய தேவையையும் சண்டையில்லாமல் சேர்த்து வைக்கும் அந்தப் புத்தி அவருடைய எல்லா வேலைகளிலும் தெரிகிறது.

வீடுகளில் முதலில் சொல்ல வேண்டியது, பத்திக் ஓவியக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக 1960 முதல் 1962 வரை கொழும்பில் கட்டப்பட்டது. நகரத்துக்குள் சின்ன மனை. நடுவில் வீட்டை வைத்துச் சுற்றிலும் தோட்டம் விடும் ஆங்கிலேயர் காலத்துப் பங்களா அமைப்பு அங்கே எடுபடாது. பாவா அதைத் தலைகீழாக்கினார். மனையின் எல்லையில் சுவரை எழுப்பித் தோட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். பெரிய நடுமுற்றம், அதைச் சுற்றி ஆழமான வராந்தா, ஓரங்களில் சிறு முற்றங்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போனால் வானம் தெரியும். தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ பழைய நாற்சார் வீட்டில் வளர்ந்தவருக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் அன்றைய கொழும்பில் படித்தவர்கள் கைவிட்டிருந்த அமைப்பு இது. ஒரு நவீனக் குடும்பம் வசதியாக வாழும்படி அதை மீட்டுக் காட்டியதுதான் பாவாவின் சாதனை. பல ஆண்டுகள் கழித்து அந்த நிலம் கைமாறியபோது, கல்லுக்கும் ஓட்டுக்கும் எண் போட்டு வீட்டைப் பிரித்தெடுத்து, லுணுகங்கையில் திரும்பக் கட்டினார்கள்.

அவர் தமக்காக அமைத்துக்கொண்ட நகர வீடு வேறு மாதிரி. கொழும்பில் பகதலே வீதியை ஒட்டிய 33ஆவது ஒழுங்கையில் வரிசையாக நான்கு சிறு வீடுகள் இருந்தன. 1950களின் இறுதியில் ஒன்றில் குடியேறினார். 1968க்குள் நான்கும் அவர் கைக்கு வந்தன. ஒன்றை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பினார். மற்றவற்றை இணைத்து ஒரே வீடாக்கினார். கதவு எண் 11. உள்ளே நுழைந்ததும் நீண்ட வெள்ளை நடைபாதை. வழியில் திறந்த கூரை வழியே ஒளி இறங்கும் குட்டி முற்றங்கள், தண்ணீர்த் தொட்டி, செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து வந்த மரத்தூண்கள், ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் வரைந்த கதவு. சுவரும் தரையும் வெள்ளையாக இருப்பதால் ஒவ்வொரு பொருளும் தனித்து நிற்கிறது. இருட்டான இடத்துக்குப் பின் வெளிச்சம், குறுகலுக்குப் பின் அகலம் என்று மாறி மாறி வருவதால், இருக்கும் பரப்பைவிட வீடு பெரிதாகத் தோன்றுகிறது. சிறிய மனையில் வீடு கட்டுகிறவர்கள் பாவாவிடம் கற்றுக்கொள்ள ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த உத்தியைத்தான் சொல்ல வேண்டும். இதற்குக் காசு அதிகம் தேவையில்லை, யோசனைதான் தேவை.

விடுதிகளால்தான் அவருடைய பெயர் வெளியுலகுக்குப் போனது. 1969இல் முடிந்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள் கூரை முழுவதும் நிறங்களாக விரிந்திருக்கும். கைத்தறித் துணிகள் பார்பரா சன்சோனியுடையவை. சிற்பங்கள் லக்கி சேனாநாயக்கவுடையவை. இந்த மூவரும் பாவாவின் கட்டடங்களுக்குள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கடையில் வாங்கி மாட்டிய படங்களாக அவர்கள் வேலை ஒருபோதும் தெரியாததற்குக் காரணம், வரைபடம் போடும்போதே அவர்களும் உடனிருந்தார்கள் என்பதே. காலியில் 1997இல் முடிந்த லைட்ஹவுஸ் விடுதியின் வட்டப் படிக்கட்டில், போர்த்துக்கேயருக்கும் சிங்களப் படைக்கும் நடந்த போரை உலோக உருவங்களாக ஏறுபவரின் பக்கத்திலேயே நிறுத்தினார் சேனாநாயக்க.

எல்லாவற்றிலும் துணிச்சலானது தம்புள்ளைக்கு அருகே உள்ள கண்டலம விடுதி. முதலில் காட்டப்பட்ட இடம் சீகிரியாப் பாறைக் கோட்டையின் பக்கத்தில். பாவா அதை மறுத்து, ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்து, பழைய கண்டலமக் குளத்துக்கு மேலே ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். காட்டுக்கும் குளத்துக்கும் கேடு வரும் என்று அப்போது மக்கள் போராடினார்கள். அந்த அச்சம் அர்த்தமற்றதல்ல. 1990களின் நடுவில் எழுந்த கட்டடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையை ஒட்டிப் போகிறது. மழைநீர் மலையிலிருந்து வழக்கம்போல் கீழே ஓடும்படி கால்களின் மேல் நிற்கிறது. கொடிகள் படர்ந்து வெளிமுகத்தை மூடிவிட்டதால் தூரத்திலிருந்து பார்த்தால் விடுதி இருப்பதே தெரியாது. உள்ளே போகும் வழி குகைபோல இருக்கிறது. பாறையை உடைத்து அகற்றாமல் நடைபாதைக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். அந்த இருளைத் தாண்டியதும் சுவரில்லாத கூடம், எதிரே குளம், தொலைவில் சீகிரியா. கூடத்தின் படிக்கட்டில் சேனாநாயக்கவின் பெரிய ஆந்தை சிறகு விரித்திருக்கிறது. அலங்காரம் என்று சொல்லத்தக்கது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அறைகளில் நிறங்கள் அடங்கியிருப்பதும் கணக்குப் பார்த்துச் செய்தது; கண் வெளியே போகட்டும் என்பதற்காக.

அலுவலகக் கட்டடங்களில் 1970களின் பிற்பகுதியில் கொழும்பில் எழுந்த அரச ஈட்டு வங்கி குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் குளிர்சாதனத்தை நம்பாமல், ஜன்னலைச் சாத்தினாலும் காற்று வரும்படி திறப்புகள் வைத்து, காற்றின் திசையைப் பார்த்துக் கட்டடத்தைத் திருப்பி நிறுத்தினார். அவருடைய சொந்த அலுவலகம் இன்று கொழும்பின் பெயர்பெற்ற உணவகமாக நடக்கிறது. முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது.

பொதுக் கட்டடம் என்றால் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் உள்ள நாடாளுமன்றம். 1979இல் அன்றைய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன ஒப்படைத்த வேலை 1982 ஏப்ரலில் திறப்புவிழா கண்டது. சதுப்பு நிலத்தை ஏரியாக்கி, நடுவில் தீவு அமைத்து, செப்புக் கூரை போட்ட மண்டபங்களை எழுப்பினார். அவைக்குள் கூரையிலிருந்து உலோக வலை கூடாரம்போலத் தொங்கி மினுங்குகிறது. அதன் நடுவே, தாளிப்பனையின் வடிவில் சேனாநாயக்க செய்த வெள்ளிச் சரவிளக்கு. உறுப்பினர்கள் எதிரெதிரே உட்காரும் அமைப்பு மட்டும் லண்டன் நாடாளுமன்றத்திலிருந்து வந்தது.

இந்தக் கட்டடத்தைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. யாழ்ப்பாணத்தின் தமிழ் அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளை எதிர்க்க 14ஆம் நூற்றாண்டில் சிங்களக் கோட்டை எழுந்த இடம் அது. கூரையின் சாயலும் கண்டி மரபை நினைவூட்டுவது. பல இனத்தவர் வாழும் நாட்டின் அவைக்கு ஓர் இனத்தின் வரலாற்றை மட்டும் நினைவூட்டும் இடமும் உருவமும் பொருந்துமா என்று அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் வேல் கேள்வி எழுப்பியிருக்கிறார். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அரசு, பாவா அல்ல. ஆனாலும் கேள்வி நியாயமானது. அந்த அவையை உருவாக்கிய நிறுவனத்தில் பாவாவின் பங்காளியாக இருந்து, அவர் கற்பனையைப் பல பத்தாண்டுகள் நிற்கக்கூடிய கட்டுமானமாக்கித் தந்த பொறியாளர் ஒரு தமிழர், கே. பூலோகசுந்தரம். பாவாவைப் பற்றிய பேச்சுகளில் அந்தப் பெயர் போதிய அளவு வருவதில்லை.

தமிழ்நாட்டிலும் பாவாவின் கை உண்டு. சென்னையின் கன்னிமாரா ஓட்டலை 1970களில் விரிவாக்கி மாற்றியமைத்தார். மதுரையில் மதுரா கோட்ஸ் நிறுவனத்துக்காக 1974 வாக்கில் கட்டி முடித்த கிளப் அதைவிட முக்கியமானது. உள்ளூர்க் கருங்கல், உள்ளூர்க் கொத்தனார்கள், இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து எடுத்த தூண்களும் கதவுகளும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பழைய சாமான் கடைக்கு எடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் அவற்றுக்கு மறுபடி வேலை கொடுத்தார்.

பிற்காலத்தில் ஆசியாவெங்கும் கடற்கரை விடுதிகள் அவரைப் பார்த்து எழுந்தன. பெரும்பாலானவை மேல்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டன: பழைய தூண் ஒன்று, சிமென்ட் மேடை ஒன்று, தொட்டியில் நாலு தாமரை, பின்னால் மூடிய கண்ணாடியும் ஓயாத குளிர்சாதனமும். தூணை விலைக்கு வாங்கலாம். எந்தச் சாளரத்தின் நேர்க்கோட்டில் அதை நிறுத்துவது என்பது விலைக்குக் கிடைக்காது. லுணுகங்கையில் ஏரியைப் பார்ப்பதற்காக ஒரு மேட்டையே தாழ்த்தியவர் அவர். ஈழத்தலரி மரம் அகலமாகப் படர வேண்டும் என்று கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருந்தவர். ஐம்பது ஆண்டு அந்தத் தோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

1998இல் பக்கவாதம் தாக்கி நடமாட்டமும் பேச்சும் முடங்கின. ஆகா கான் விருது வந்தது அதற்குப் பிறகுதான். 2003 மே மாதம் காலமானார். அவர் பெயரில் இலங்கைக் கட்டடக் கலைஞர்களுக்கு விருது வழங்கும் மரபு 2007இல் தொடங்கியது. எண் 11 வீட்டையும் லுணுகங்கையையும் அவர் பெயரிலான அறக்கட்டளைகள் பராமரிக்கின்றன. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் இரண்டையும் சுற்றிப் பார்க்கலாம், தங்கவும் செய்யலாம். கொழும்புக்குப் போகிறவர்கள் முதலில் எண் 11க்குப் போவது நல்லது. கண்டலமவின் பெரிய அளவைவிட அந்தச் சிறிய வீடுதான் பாவாவைத் தெளிவாகக் காட்டுகிறது.