கறி தொடாத கிறிஸ்தவ "அண்ணன்கள்"!

"கிறிஸ்தவங்கன்னா கறி, மீன் இல்லாமல் சாப்பாடு இறங்குமாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. இறங்கும்!

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கு வடக்கே உள்ளது, திருப்பத்தூர். அங்கே 1921-ம் ஆண்டு "கிறிஸ்துகுல ஆசிரமம்" தொடங்கியவர்கள் 2 டாக்டர்கள். ஒருவர், தமிழரான ஏசுதாசன். மற்றவர், ஸ்காட்லாந்து நாட்டுக்காரர் பேட்டன். வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே இருவரும் "பெரியண்ணன்", "சின்னண்ணன்" என்று ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். கதர்தான் உடை. சைவம்தான் சாப்பாடு.

பைபிள் சொல்வது என்ன?

ஆதியில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட உணவு தானியமும் கனியும்தான். நோவா காலத்து வெள்ளத்துக்குப் பிறகுதான் மாமிசத்துக்கு அனுமதி கிடைத்தது. உயிர்த்தெழுந்த ஏசுநாதர் மீன் சாப்பிட்டார் என்கிறது, லூக்கா சுவிசேஷம். ஆகவே, கறி சாப்பிடுவது பாவம் அல்ல. சாப்பிடுகிறவரும் சாப்பிடாதவரும் ஒருவரை ஒருவர் பழிக்கக் கூடாது என்று ரோமாபுரி சபைக்கு எழுதினார், பவுல்.

மதுரை சாமியார்

1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய பாதிரியார் தத்துவ போதகர் (ராபர்ட் டி நொபிலி) கறியையும் மதுவையும் விட்டார். உயர் சாதியார் தன்னை நெருங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக மற்ற கிறிஸ்தவர்களை விட்டு விலகியும் வாழ்ந்தார். அப்போதே அது பெரும் சர்ச்சை ஆனது.

இலையில் கறி இல்லாததால் பக்தி கெடாது. பக்கத்து இலைக்காரரை "தள்ளி உட்கார்" என்றால்தான் கெடும்!